ஓடாத கேம் கன்சோலை வைத்து டெக்னீஷியன் வேலை வாங்குவது எப்படி?

மலாக்கா, பத்து பெரெண்டாம் பிரீ டிரேட் ஸோனில் டெக்னீஷியன் வேலைக்கு இன்டர்வியூ என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே உங்களோடு ஏழு பேர் காத்திருக்கிறார்கள். மூன்று பேர் கையில் பாலிடெக்னிக் டிப்ளோமா. ஒருவர் டுரியான் துங்கால் யூடெமில் டிகிரி முடித்தவர். இன்ஜினியர் வேலை அமையும்வரை இதையாவது பிடிப்போம் என்று வந்திருக்கிறார். உங்களிடம் எஸ்.பி.எம்.மும் எஸ்.கே.எம். லெவல் 3-உம். உள்ளே போனதும் பைலைப் புரட்டிக்கொண்டே கேட்கிறார்கள்: "கடைசியாக எதை ரிப்பேர் செய்தாய்? கோளாறை எப்படிக் கண்டுபிடித்தாய்?"

டிகிரிக்காரர் இந்த இடத்தில் தடுமாறலாம். டிப்ளோமாக்காரர் லேப் வகுப்பில் செய்ததை ஒப்பிப்பார். நீங்கள் இரண்டு நிமிடம் தெளிவாக, நம்பர்களோடு பேசினால் அந்த நாற்காலி உங்களுக்குத்தான்.

அப்படிப் பேச ஒரு வழி இருக்கிறது. சின்னதாக ஒரு போர்ட்டபிள் கேம் கன்சோலை நீங்களே கட்டுங்கள். முதல் நாள் அது பெரும்பாலும் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த விதத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு இன்டர்வியூவுக்குப் போங்கள்.

ஏன் கேம் கன்சோல்? பவர், பிராசஸர், டிஸ்ப்ளே, பட்டன், சவுண்ட், மெமரி, சாப்ட்வேர் எல்லாம் ஒரே உள்ளங்கைப் பெட்டிக்குள் இருக்கின்றன. கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், சிப்பைச் சோதிக்கும் டெஸ்ட் மெஷினுக்குள்ளும் இதே பகுதிகள்தான். அளவும் விலையும்தான் வேறு.

மலாக்காத் தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு கணக்கும் இருக்கிறது. சைம் டார்பி 1910-இல் மலாக்காவில்தான் ரப்பரை நம்பித் தொடங்கியது. ரப்பர் போய் செம்பனை வந்தது. 1971-இல் பிரீ டிரேட் ஸோன் சட்டம் வந்த பிறகு, தோட்டத்து வாசலுக்கே கிலாங் பஸ் வந்து நின்றது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்து லயங்களிலிருந்து நம் அக்காமார்களும் அண்ணன்மார்களும் ஆபரேட்டராகப் போனார்கள். ரொம்பப் பேர் ஆபரேட்டராகவே ஓய்வும் பெற்றார்கள். சீமென்ஸ் வைத்திருந்த கிலாங் 1999-இல் இன்பினியோன் ஆனது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. மலாக்காவில் மட்டும் 500 கோடி ரிங்கிட் வரை முதலீடு செய்வதாக 2023 ஜூனில் அந்த நிறுவனம் அறிவித்தது. பெகோவில் ஹோண்டா கார் ஆலை. இங்கே வேலை இருக்கிறது. ஆனால் புது லைன்கள் ஆட்டோமேஷனோடு வருகின்றன. டிரேயைத் தூக்கி வைக்கும் கை குறையும், நின்ற மெஷினை ஓடவைக்கும் கை கூடும். மெஷின் நின்றால் விளக்கைப் போட்டுக் கூப்பிடுபவர் ஆபரேட்டர். கூப்பிட்டதும் வருபவர் டெக்னீஷியன். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அந்தத் தரையிலேயே நிற்பதா, ஏறுவதா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவிலுள்ள தூரம்தான்.

அப்படி ஏறிய ஒரு ஆளை நினைவில் வையுங்கள். குன்பெய் யொகோய். 1965-இல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு கம்பெனி. சீட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் அவர் வேலை, அதாவது மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன். சும்மா இருந்த நேரத்தில் நீண்டு மடங்கும் ஒரு விளையாட்டுக் கையைச் செய்துவைத்திருந்தார். முதலாளி ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டு விற்பனைக்குக் கொண்டுவரச் சொன்னார். 1966-இல் வெளிவந்த 'அல்ட்ரா ஹேண்ட்' அதுதான். அதே மனிதர் தலைமையில் 1989-இல் 'கேம் பாய்' வந்தது. போட்டிக் கம்பெனிகள் கலர் ஸ்கிரீன் காட்டியபோது அவர் பச்சைச் சாயல் கொண்ட ஒற்றை நிறத் திரையோடு நின்றார். விலை மலிவான, பழகிப்போன பார்ட்ஸ், நாலு டபுள்-ஏ பேட்டரி, பல மணி நேர விளையாட்டு. கேம் பாயும் அதன் கலர் மாடலும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. பராமரிப்பு வேலையிலிருந்து அவ்வளவு தூரம் ஒருவரால் போக முடிந்தது. அவர் செய்த சாமானை மேலே இருப்பவர் பார்த்தார் என்பதையும் கவனியுங்கள். பார்வையில் படுவதும் வேலையின் ஒரு பகுதி.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. முதலில் மல்டிமீட்டர். போர்டு அதற்குப் பிறகு. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், போர்டைச் சுட்ட பிறகு மீட்டரைத் தேடுகிறார்கள். போர்டுக்கு ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். 2021 அக்டோபரில் 15 அமெரிக்க டாலர் விலையில் வந்தது. மலேசியாவில் சைட்ரோன் போன்ற கடைகளில் கிடைக்கும். 2.8 அங்குல எஸ்பிஐ ஸ்கிரீன், 18650 பேட்டரி ஒன்று, டிபி4056 சார்ஜர் மாட்யூல், எம்டி3608 பூஸ்ட் கன்வெர்ட்டர், பத்து பன்னிரண்டு டாக்டைல் ஸ்விட்ச், பிஏஎம்8403 சவுண்ட் ஆம்ப், சின்ன ஸ்பீக்கர், நல்ல மைக்ரோ எஸ்டி கார்டு. சில்லறைப் பார்ட்ஸ் ஷாப்பியில் வரும். கோலாலம்பூர் போனால் ஜாலான் பாசாரில் ஒரு சுற்று சுற்றுங்கள், கடைக்காரர்களிடம் கேட்டே பாதி கற்றுக்கொள்ளலாம். பை வாங்கக் காசு இடிக்கிறதா? ஆர்டுயினோ புரோ மைக்ரோவும் 128-க்கு 64 ஓஎல்இடி திரையும் வாங்கி, ஆர்டுபாய் மாதிரி ஒன்று கட்டுங்கள். செலவு பல மடங்கு குறையும். கோளாறு கண்டுபிடிக்கும் பயிற்சி அதிலும் கிடைக்கும்.

இனி மேசைக்கு வருவோம்.

1. சேர்த்ததைப் பிரியுங்கள்

எல்லாப் பார்ட்ஸும் ஒரே வாரத்தில் வந்து சேரும். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஸோல்டர் செய்து, டப்பாவை மூடி, சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரைதான் வரும். எங்கே கோளாறு என்று தெரியாது. பத்து இடத்தில் சந்தேகம் வரும்.

பிரித்துவிடுங்கள். ராஸ்பெரி பையை மட்டும் எடுங்கள். நல்ல யுஎஸ்பி அடாப்டர், மினி எச்டிஎம்ஐ கேபிள், வீட்டு டிவி. படம் வருகிறதா? வந்தால் போர்டும் கார்டும் சாப்ட்வேரும் நல்லபடியாக இருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. இதற்கு கிலாங்கில் ஹாஃப்-ஸ்பிளிட் என்று பெயர். எந்தச் சிஸ்டத்தையும் நடுவில் வெட்டிப் பார்த்து, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்பது. நாற்பது பகுதி இருந்தாலும் ஐந்தாறு கேள்வியில் இடம் தெரிந்துவிடும். ஒன்றிலிருந்து நாற்பது வரை வரிசையாகப் பார்ப்பவருக்கு முன்னால் உங்கள் மெஷின் ஓடத் தொடங்கியிருக்கும். ஷிப்டில் அந்த வித்தியாசம் சூப்பர்வைசர் கண்ணில் படும்.

டிவியில் ஓடிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்: ஸ்கிரீன், பட்டன், சவுண்ட். பேட்டரி கடைசி. ஒவ்வொன்றைச் சேர்த்ததும் டெஸ்ட். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அவசரத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது, இன்டர்வியூவிலும் சொல்ல முடியாது.

2. பவர்: முக்கால்வாசிக் கோளாறு குடியிருக்கும் வீடு

ஜாசின் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஒரு தம்பி போன வருடம் தன் கன்சோலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, கேம்ல வெடிச் சத்தம் வந்தா போதும், ஸ்கிரீன் அணைஞ்சு ரீஸ்டார்ட் ஆயிடுது. ஆம்ப் கெட்டுப்போச்சு போல. புதுசு ஆர்டர் பண்ணவா?"

"ஆர்டர் இருக்கட்டும். அஞ்சு வோல்ட் பின்ல எத்தனை இருக்கு?"

"பேட்டரி புல்லுண்ணே."

நான் கேட்டது ஒரு நம்பர். அவன் சொன்னது ஒரு நம்பிக்கை. புதியவர்கள் எல்லாரும் விழும் குழி இது. பேட்டரி புல்லாக இருக்கலாம். பைக்கு அது போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. மீட்டரின் ஒரு முனையை 2-ஆம் பின்னிலும் மற்றதை 6-ஆம் பின்னிலும் வைத்தோம். மெனுவில் இருக்கும்போது 4.9 வோல்ட். கேம் ஓடும்போது 4.7. சத்தம் வரும்போது 4.4-க்கு இறங்கிக் கண்முன்னே அணைந்தது. மற்ற ராஸ்பெரி பை போர்டுகளில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் சின்னம் வந்து எச்சரிக்கும். ஜீரோ வரிசையில் அந்தச் சர்க்யூட்டே கிடையாது. எச்சரிக்கை வரவில்லை, அதனால் பவர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள்தான் அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் போதாது, வேலை செய்யும்போது அளக்க வேண்டும்.

கணக்கைப் போட்டோம். பை, ஸ்கிரீன், ஆம்ப் எல்லாம் சேர்ந்து 5 வோல்ட்டில் 0.8 ஆம்பியர், அதாவது 4 வாட். பூஸ்ட் கன்வெர்ட்டர் இந்த 4 வாட்டைப் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும். பேட்டரி 3.5 வோல்ட். கன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 1.3 ஆம்பியர் பேட்டரி வயரில் ஓடும். பேட்டரி இறங்க இறங்க, அதே 4 வாட்டுக்காக இன்னும் அதிகக் கரன்ட் இழுக்கும். தம்பி போட்டிருந்தது பிரெட்போர்டு ஜம்பர் வயர், தலைமுடி மாதிரி. வயரும் அதன் முனைகளும் சேர்ந்து 0.3 ஓம் இருந்தாலே 0.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். வெடிச் சத்தத்தில் ஆம்ப் இன்னும் இழுக்கும்போது கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேருவதே போதாமல் ஆகிவிடுகிறது.

வயரைத் தடிப்பாக மாற்றினோம். நீளத்தைப் பாதியாக்கினோம். ஆம்ப் பக்கத்தில் 470 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தோம், ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக அளந்தோம். ஆம்ப் நல்ல ஆம்ப்தான். புதிது வாங்கியிருந்தால் காசு போயிருக்கும், கோளாறு அப்படியே இருந்திருக்கும். "பார்ட்ஸ் மாற்றிப் பார்த்தேன்" என்று சொல்லும் டெக்னீஷியனைக் கிலாங்கில் பார்ட்ஸ் சேஞ்சர் என்பார்கள். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் உரிக்க முடியாது.

பவர் பக்கத்தில் இன்னும் சில.

எம்டி3608 மாட்யூலை வாங்கிய கையோடு பையில் இணைக்காதீர்கள். அதன் அவுட்புட்டை ஒரு சின்ன ஸ்க்ரூ தீர்மானிக்கிறது, 28 வோல்ட் வரை ஏறக்கூடியது. கடையிலிருந்து எந்த அளவில் வரும் என்று சொல்ல முடியாது. பேட்டரியை மட்டும் கொடுத்து, மீட்டரை அவுட்புட்டில் வைத்து, ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பல சுற்றுச் சுற்றிய பிறகுதான் நம்பர் நகரத் தொடங்கும், அதுவரை பொறுமை. 5.1-இல் நிறுத்தி, ஸ்க்ரூ மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். இந்த ஒரு ஸ்டெப்பை விட்டதற்காகப் போர்டைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

டிபி4056-இல் பேட்டரியைத் திருப்பிப் போட்டால் சிப் அந்த நொடியே போய்விடும். சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடுவதற்கும் அது தோதானதல்ல. கரன்ட் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் பேட்டரி நிறைந்தது என்று அது முடிவு செய்யும். நீங்கள் விளையாடிக்கொண்டே இருந்தால் கரன்ட் குறையாது, அதற்குக் கணக்குத் தப்பிவிடும்.

9900 மில்லிஆம்ப்-அவர் என்று அச்சடித்த 18650 செல்லை வாங்காதீர்கள். நல்ல கம்பெனி செல்லே 3500 சுற்றித்தான் வரும். 3000 செல் ஒன்றில் 11 வாட்-அவர் இருக்கிறது. கன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தால் 4 வாட் கன்சோலுக்குச் சுமார் இரண்டேகால் மணி நேரம், அவ்வளவுதான். இந்தக் கணக்கை மனப்பாடமாக அல்லாமல் கையால் போட்டுக் காட்டத் தெரிந்திருந்தால் இன்டர்வியூவில் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அளக்கும்போது 2.5 வோல்ட்டுக்குக் கீழே கிடக்கும் லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். உப்பிப்போனதையும் தொடாதீர்கள். பலகை வீடாக இருந்தாலும் தாமான் வீடாக இருந்தாலும், மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. சிமெண்டுத் தரையில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

3. பூட் ஆகவில்லை

பை போர்டின் பச்சை விளக்கைப் பாருங்கள். ஏழு முறை சிமிட்டி, நிறுத்தி, மறுபடி ஏழு முறை என்றால் கார்டில் கர்னல் பைல் இல்லை. கார்டை மறுபடி எழுதுங்கள். விளக்கே எரியவில்லை என்றால் பவரையும் கார்டையும் மறுபடி பாருங்கள். ஜீரோ 2 டபிள்யூ 2021 கடைசியில் வந்தது. அதற்கு முந்தைய இமேஜைப் போட்டால் எழுந்திருக்காது. நேற்று ஓடி இன்று ஓடவில்லையா? நேற்று ஷட்டவுன் செய்யாமல் சுவிட்சை அணைத்திருப்பீர்கள். பவர் திடீரென்று போனால் கார்டில் பைல் சிதையும். மலிவு விலைக் கார்டில் 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 16 இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள்.

4. ஸ்கிரீன் உங்களோடு பேசுகிறது

எதுவும் இல்லாத வெள்ளைத் திரை: விளக்குக்குப் பவர் வந்துவிட்டது, டேட்டா வரவில்லை. டேட்டா, கிளாக், டிசி, ரீசெட் என்று நாலு வயர்தான் சந்தேகப் பட்டியல். முழுக் கறுப்பு: பேக்லைட் வயர் அல்லது பவர். படம் வருகிறது, ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கிறது, சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன: வயரில் கை வைக்காதீர்கள், செட்டிங்கில் தப்பு. படத்தில் புள்ளி புள்ளியாகக் குப்பை: கிளாக் வேகம் அதிகம் அல்லது வயர் நீளம். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். சரியானால் வயரை வெட்டிச் சுருக்குங்கள்.

ஒரே திரை, நாலு விதமான கோளாறு, நாலு வேறு காரணம். "ஸ்கிரீன் வேலை செய்யலை" என்று மட்டும் சொல்பவருக்கு யாராலும் உதவ முடியாது. என்ன தெரிகிறது என்று துல்லியமாகச் சொல்லப் பழகுங்கள். ஷிப்ட் மாறும்போது நீங்கள் விட்டுச்செல்லும் நோட்டை வைத்துத்தான் அடுத்த டெக்னீஷியன் உங்களை எடைபோடுவார்.

5. பட்டன்

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தப் பட்டனைப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பட்டன் எல்லாமே செத்திருந்தால் அவற்றுக்குப் பொதுவானதைப் பாருங்கள்: ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொண்டு போன கிரவுண்டு வயர் எங்கோ விட்டிருக்கும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கிலாங்கில் பத்து வருடம் ஓட்டலாம்.

தொடாமலே அழுத்தியதுபோல் நடந்தால் இரண்டு காரணம். டாக்டைல் ஸ்விட்சின் நாலு காலில் இரண்டிரண்டு உள்ளேயே இணைந்திருக்கும், 90 டிகிரி திருப்பி வைத்துவிட்டால் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். மீட்டரை பீப் மோடில் வைத்தால் அரை நிமிடத்தில் தெரியும். அதுவும் சரி என்றால் புல்-அப் போடாமல் பின் காற்றில் மிதக்கிறது. சாப்ட்வேரில் உள்புல்-அப்பை ஆன் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. பட்டனின் மறுமுனையைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள். 5 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் பின் போய்விடும், சில சமயம் போர்டும் கூடவே.

6. சவுண்ட்

சவுண்டுக்கும் ஸ்கிரீன் பேக்லைட்டுக்கும் ஒரே ஜிபிஐஓ 18-ஐக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. எந்தப் பின் எதற்கு என்று வயரைத் தொடுவதற்கு முன்பே ஒரு அட்டவணை போடுங்கள். பிஏஎம்8403-இன் ஸ்பீக்கர் மைனஸைக் கிரவுண்டோடு சேர்க்காதீர்கள், அது அப்படிச் சேர்க்கக்கூடிய வகை ஆம்ப் அல்ல.

7. பற்றவைப்பு

மலாக்கா டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ், பொற்கொல்லர் தெரு. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அங்கேதான் இருக்கிறது. நகை ஆசாரி பற்றவைக்கும் இடத்தை முதலில் சுத்தம் செய்வார், வெங்காரம் தடவுவார், பிறகு பொடி வைத்து ஊதுவார். உங்கள் மேசையிலும் அதே வரிசைதான். பேடைத் துடைப்பது, பிளக்ஸ் தடவுவது, பேடையும் வயரையும் சேர்த்துச் சூடாக்குவது, அதற்குப் பிறகு ஸோல்டர். அயர்ன் முனையில் ஸோல்டரை உருக்கி வயர் மேல் சொட்டவிடுபவருக்குக் கிடைப்பது கோல்ட் ஜாயின்ட்: பார்க்க ஒட்டியிருக்கும், அசைத்தால் விடும். விட்டு விட்டு வரும் கோளாறுகளில் நிறைய இந்த ஜாயின்டில்தான் பிறக்கின்றன. கன்சோலை ஓடவிட்டுக்கொண்டே காய்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு ஜாயின்டையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது படம் துடிக்கிறதோ அங்கே புதிதாகப் பற்றவையுங்கள்.

நல்ல ஜாயின்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். பத்து போட்டோக்களைத் தேதி வரிசையில் வைத்தால் உங்கள் கை முன்னேறியது தெரியும். ஆன்டி-ஸ்டாட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டிய கை அந்தப் போட்டோவில் இருந்தால் இன்னும் நல்லது. சிப் கிலாங்கில் இஎஸ்டி ஒழுக்கம் சின்ன விஷயம் அல்ல. வருவதற்கு முன்பே அந்தப் பழக்கம் உள்ளவர் என்று உங்களைப் பற்றி ஒரு எண்ணம் விழும்.

8. நோட்டு

இதுவரை சொன்னதை நூறு பேர் செய்வார்கள். எழுதுபவர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். உங்கள் போட்டி அந்த ஐந்தாறு பேரோடுதான்.

ஒவ்வொரு கோளாறுக்கும் ஆறு வரி போதும்: தேதி, என்ன தெரிந்தது, என்ன அளந்தேன், என்ன சந்தேகப்பட்டேன், எந்த ஒன்றை மாற்றினேன், என்ன ஆனது. தம்பியின் நோட்டில் இப்படி எழுதவைத்தேன்: "சத்தம் வந்தால் ரீஸ்டார்ட். 5 வோல்ட் பின் 4.4. சந்தேகம்: பேட்டரி வயர். தடிப்பு வயர் போட்டேன். இப்போது 4.8. அரை மணி நேரம் ஓடியது, ரீஸ்டார்ட் இல்லை." அதற்குப் பிறகு பழைய வயரை மறுபடி போடச் சொன்னேன். முகத்தைச் சுளித்தான். போட்டான். கோளாறு திரும்பி வந்தது. புது வயரைப் போட்டதும் போனது. இதுதான் ஏ-பி-ஏ ஸ்வாப். கோளாறைப் போகவைப்பதோடு திரும்பக் கொண்டுவரவும் முடிந்தால்தான் காரணம் உறுதி. டெக்னீஷியன் வேலையில் பாதிச் சண்டைகளை இந்த ஒரு சோதனை முடித்துவைக்கும்.

அதன் பிறகு 5-ஒய். ஏன் ரீஸ்டார்ட்? வோல்டேஜ் விழுந்தது. ஏன் விழுந்தது? வயரில் தடை அதிகம். ஏன் அந்த வயர்? கைக்குக் கிடைத்ததைப் போட்டேன். ஏன் கிடைத்ததைப் போட்டாய்? எத்தனை ஆம்பியர் ஓடும் என்று கணக்குப் போடவில்லை. ஏன் போடவில்லை? கட்டத் தொடங்குமுன் பவர் பட்ஜெட் என்று ஒரு தாளே வைத்துக்கொள்ளவில்லை. கடைசிப் பதிலில்தான் அடுத்த கன்சோலுக்கான மருந்து இருக்கிறது. டொயோட்டாவிலிருந்து வந்த இந்தப் பழக்கம் இன்று பல கிலாங் ரிப்போர்ட்டுகளிலும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு டிரெயினிங்கில் கேட்பதைவிட, நுழைவதற்கு முன்பே கை பழகியிருப்பது உங்களுக்கு லாபம்.

நோட்டைத் தமிழில் எழுதிப் பழகுங்கள், யோசனை தெளிவாக ஓடும். அதன் பிறகு அதே ஆறு வரியை இங்கிலீஷிலும் மலாயிலும் எழுதுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலர் கையில் திறமை இருந்தும் ரிப்போர்ட் எழுதும் இடத்தில் பின்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது அறிவுக் குறை அல்ல, பழக்கக் குறை. சிம்டம், ரூட் காஸ், கரெக்டிவ் ஆக்‌ஷன் என்ற மூன்று தலைப்பில் நாற்பது சின்ன ரிப்போர்ட் எழுதினால் போகும்.

9. இன்டர்வியூவில்

கன்சோலை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் முதலில் மேசை மேல் வைக்க வேண்டியது நோட்டு. கேம் ஓடுவது அவர்களுக்கு முக்கியம் அல்ல. காப்பியடித்த கமர்ஷியல் கேம்களை அழித்துவிட்டு, இலவசமாக வெளியிடப்பட்ட ஹோம்பிரூ கேம்களை மட்டும் வையுங்கள். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கம்பெனி ரகசியங்களை நம்பி ஒப்படைக்கப்போகும் ஆளின் கையில் திருட்டு சாப்ட்வேர் இருக்கக் கூடாது.

இரண்டு நிமிடத்துக்கு ஒரே ஒரு கோளாறைச் சொல்லுங்கள். எது கஷ்டமாக இருந்ததோ அது. நம்பர்களோடு சொல்லுங்கள். "டிரை பண்ணிட்டே இருந்தேன், சரியாயிடுச்சு" என்பதை வாயால் சொல்லாதீர்கள். போர்டைச் சுட்டிருந்தால் மறைக்காதீர்கள்: என்ன செய்தேன், என்ன போனது, அடுத்த முறை அது நடக்காமல் எந்தச் செக்லிஸ்ட்டைப் போட்டேன் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். தப்பை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவரை நைட் ஷிப்டில் தனியாக விடலாம் என்று அவர்களுக்குத் தோன்றும்.

ஏற்கெனவே ஆபரேட்டராக இருப்பவர்களுக்கும் இதே வழிதான். கூடுதலாக ஒன்று. உங்கள் லைன் டெக்னீஷியன் சும்மா கற்றுத்தர மாட்டார், அவர் நாற்காலி அவருக்கு முக்கியம். அதனால் அவருக்கு லாபம் தரும் ஒன்றைக் கொடுங்கள். மெஷின் நின்ற நேரத்தையும் எரர் கோடையும் அவர் வருவதற்கு முன்பே எழுதி வைத்துக் கொடுங்கள். அவர் ரிப்போர்ட் சீக்கிரம் முடியும். இரண்டு மாதத்தில் பக்கத்தில் நின்று பார்க்க விடுவார். வேக்கன்ஸி வரும்போது உங்கள் பெயரைச் சொல்ல ஒரு ஆள் இருப்பார்.

10. பேப்பர் இல்லாதவர்களுக்கு

கையில் வேலை இருந்தும் சர்ட்டிபிகேட் இல்லை என்று ஒதுங்காதீர்கள். செலண்டாரிலும் அலோர் காஜா தாபோ நானிங்கிலும் ஜபாத்தான் தெனாகா மனுசியாவின் தொழில் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே மற்ற இனப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது நாம் ஏன் நிற்கக் கூடாது? வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே, அனுபவத்துக்கான சான்றுகளைப் போர்ட்போலியோவாகத் தொகுத்துக் கொடுத்து எஸ்.கே.எம். வாங்க பி.பி.டி. என்ற வழி இருக்கிறது. தேதி போட்டு எழுதும் பழக்கம் அங்கே காசாகும். படிப்புச் செலவுக்கு பி.டி.பி.கே. கடன், வேலை தேட பெர்கேசோவின் மைபியூச்சர்ஜாப்ஸ். இரண்டையும் பற்றி இந்த வாரமே விசாரியுங்கள்.

அந்த ஜாசின் தம்பி இப்போது இரண்டாவது கன்சோல் கட்டிக்கொண்டிருக்கிறான். இந்த முறை முதல் பக்கத்தில் பவர் பட்ஜெட் இருக்கிறது.

கிலாங்கில் ஏற்கெனவே டெக்னீஷியனாக இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டு அலமாரியில் பழைய மல்டிமீட்டர் ஒன்று சும்மா கிடக்கும். பேட்டரி மாற்றி, அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துப்போய் அங்குள்ள ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். 5 வோல்ட் பின்னை எப்படி அளப்பது என்று ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.